வாரத்துக்கு இரண்டு பாடவேளை, கேட்பார் யார்?

நாகூரிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில் ஏறினால் சில நிமிடங்களில் வாஞ்சூர் வந்துவிடும். தமிழ்நாடு அங்கே முடிந்து புதுச்சேரி யூனியன் பிரதேசம் தொடங்குகிறது. வயலும் வாய்க்காலும் பேச்சும் அதேதான், அரசாங்கம்தான் வேறு. எல்லைக்குத் தெற்கே அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். வடக்கே அதே வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். ஓவியம், பாட்டு, நடனம், நாடகம் ஆகியவற்றைக் கற்றுத் தர வேண்டும் என்று இரண்டு பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியது நடக்காவிட்டால் யார் பதில் சொல்வது என்பதுதான் இரண்டு பக்கத்திலும் தெளிவாக இல்லை. காரைக்காலில் இந்தத் தெளிவின்மைக்குக் கூடுதலாகச் சில காரணங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், நாடு முழுவதும் பள்ளிக் கலைக்கல்வி ஏன் ஏட்டோடு நின்றுபோகிறது என்பதும் கூடவே விளங்கும்.

சட்டம் கேட்பது ஆளை

முதலில் சட்டம். 2009-இல் நாடாளுமன்றம் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் காரைக்காலுக்கும் பொருந்தும். அதன் இணைப்பில் ஒரு அட்டவணை இருக்கிறது. ஒரு பள்ளி என்றால் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணை அது. வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், நூலகம் என்று போகும் அந்தப் பட்டியலில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான பகுதியில் ஒரு வரி வருகிறது. மாணவர் சேர்க்கை நூறைத் தாண்டினால் முழுநேரத் தலைமையாசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். அவரோடு கலைக்கல்வி, உடல்நலம் மற்றும் உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகிய மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும்.

இந்த வரியைக் கவனமாகப் படிக்க வேண்டும். கலைக்கல்விக்கு ஓர் ஆள் வேண்டும் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அந்த ஆள் பகுதிநேரமாக இருந்தாலே போதும் என்றும் சொல்கிறது. நூறு பிள்ளைக்குக் கீழே உள்ள பள்ளிக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்குக் கலை ஆசிரியர் பற்றி அட்டவணையில் பேச்சே கிடையாது. எட்டாம் வகுப்புக்கு மேல் சட்டமே எட்டாது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கலைக்கு என்ற கணக்கும் அதில் இல்லை. ஆறு முதல் எட்டு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 கற்பித்தல் மணி என்று மொத்தத்தைச் சொல்லிவிட்டு, அதைப் பங்கு போடும் வேலையைப் பாடத்திட்ட அமைப்புகளிடம் விட்டுவிடுகிறது.

வாரியம் கேட்பது நேரத்தை

பங்கு போடும் இடம் காரைக்காலுக்குச் சமீபத்தில்தான் மாறியது. புதுச்சேரிக்கென்று தனிக் கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் பின்பற்றி வந்தன. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 9 வரையும் 11-ஆம் வகுப்பும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. மறு ஆண்டு 10-ஆம் வகுப்பும் 12-ஆம் வகுப்பும் மாறின. 2025-இல் இந்தப் பிள்ளைகள் முதல்முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுதினார்கள். மாற்றம் பற்றி நடந்த விவாதமெல்லாம் ஆங்கிலம், கணக்கு, தேர்ச்சி விகிதம், தமிழின் இடம் ஆகியவற்றைச் சுற்றியே நடந்தது. கலைக்கல்வி பற்றிய ஒரு விதியும் இந்த மாற்றத்தோடு சேர்ந்து வந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2019 மார்ச்சில் சி.பி.எஸ்.இ. ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பாடவேளைகளைக் கலைக்கல்விக்குக் கட்டாயம் ஒதுக்க வேண்டும் என்றது அது. இசை, நடனம், காட்சிக்கலை, நாடகம் என நான்கு பிரிவுகளைச் சொன்னது. ஆறு முதல் எட்டு வரை சமையற்கலையையும் அறிமுகப்படுத்தலாம் என்றது. இதற்கு எழுத்துத் தேர்வு இல்லை. செய்முறையும் செயல்திட்டமுமே வழி. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் கலைக்கல்விக்கு ஏ முதல் இ வரை பள்ளியே தரநிலை போடுகிறது.

ஆக, சட்டம் ஆளைச் சொல்லி நேரத்தை விட்டது. வாரியம் நேரத்தைச் சொல்லி ஆளை விட்டது. ஆள் ஒருவர் பெயருக்கு இருந்து வகுப்பே நடக்காவிட்டாலும் சட்டத்தின் அட்டவணை நிறைவேறிவிடும். டைம்டேபிளில் இரண்டு கட்டம் எழுதிவிட்டு அந்த நேரத்தில் வேறு பாடம் நடத்தினாலும் வாரியத்துக்குக் காட்டும் காகிதம் சரியாக இருக்கும். பொறுப்பு நழுவும் முதல் இடம் இதுதான்.

ஒரு பள்ளிக்கான கணக்கு

இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு முதல் பத்து வரை வகுப்புக்கு இரண்டு பிரிவு வீதம் பத்துப் பிரிவுகள் உள்ள ஒரு உயர்நிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். பிரிவுக்கு வாரம் இரண்டு என்றால் கலைக்கு வாரம் இருபது பாடவேளை. இது ஒரு முழுநேர ஆசிரியர் தாராளமாக எடுக்கக்கூடிய சுமை. பாட ஆசிரியர்கள் இதைவிட அதிகம் எடுக்கிறார்கள். அதே பள்ளிக்கு வாரத்தில் மூன்று அரை நாள் மட்டும் வரும் பகுதிநேரப் பயிற்றுநர் இருந்தால், அரை நாளுக்கு நான்கு பாடவேளை வீதம் பன்னிரண்டுதான் எடுக்க முடியும். ஆறு பிரிவுக்குச் சரியாகிவிடும். மீதி நான்கு பிரிவுக்கு ஆள் இல்லை. சட்டப்படி குறை சொல்ல முடியாத பள்ளியில், வாரிய விதிப்படி நான்கு பிரிவுப் பிள்ளைகள் வருடம் முழுவதும் கலை வகுப்பு இல்லாமல் இருப்பார்கள்.

நேரத்தையும் கணக்கிட வேண்டும். 220 வேலை நாள் என்பது வாரம் ஐந்து நாள் வீதம் 44 வாரம். வாரத்துக்கு இரண்டு என்றால் 88 பாடவேளை. ஒன்று 40 நிமிடம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 59 மணி நேரம். சட்டம் சொல்லும் 1,000 மணியில் நூற்றுக்கு ஆறு. இவ்வளவு சிறிய பங்கும் கைக்கு வராமல் போகிறதென்றால் நேரப் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது.

பள்ளிக்கூடத்துப் பேச்சில் இதற்கு ஒரு வழக்கு உண்டு: “டிராயிங் பீரியடை கணக்கு சார் வாங்கிக்கிட்டார்.” வாங்கிக்கொண்டவர் திருப்பித் தருவதில்லை. போர்ஷன் முடியவில்லை, தேர்வு வருகிறது, இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று எப்போதும் ஒரு காரணம் இருக்கும். கணக்கு ஆசிரியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவரிடம் தேர்ச்சி விகிதம் கேட்கப்படுகிறது. ஓவிய ஆசிரியரிடம், அப்படி ஒருவர் இருந்தால், யாரும் எதுவும் கேட்பதில்லை. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் நேரம் ஓடும்.

கலையாகக் கணக்கில் எழுதப்படுபவை

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2019 சுற்றறிக்கை கலைக்கல்வியோடு நிற்கவில்லை. கலையை மற்றப் பாடங்களோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதையே வலியுறுத்தியது. கலை ஒருங்கிணைந்த செயல்திட்டம் என்று ஒன்றைப் பிள்ளைகள் செய்ய வேண்டும். இந்தியாவின் வேறொரு மாநிலத்தின் கலையை அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நல்ல யோசனைதான். அரசலாறு கடலில் கலக்கும் இடத்தைப் புவியியலில் படிக்கும் பிள்ளைகள், மணல் மேடு எப்படிக் குவிகிறது என்பதைக் களிமண்ணில் செய்து காட்டினால் பாடமும் புரியும், கையும் பழகும்.

ஆனால் இது கலை வகுப்புக்கு மாற்று அல்ல. பாடத்தைப் புரிந்துகொள்ளக் கலையைப் பயன்படுத்துவது ஒன்று. கலையைக் கலையாகவே கற்பது இன்னொன்று. ஓவிய வகுப்பில் பிள்ளை முதலில் கற்பது பார்க்கத்தான். ஒரு பித்தளைச் செம்பை மேசையில் வைத்து வரையச் சொன்னால், வாய் வட்டம் என்று மனதுக்குத் தெரிந்ததால் வட்டமாகவே வரைவார்கள். எட்ட உட்கார்ந்து பார்க்கும் கண்ணுக்கு அது நீள்வட்டம். “தெரிந்ததை வரையாதே, தெரிவதை வரை” என்று ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளவு எடுக்கக் காட்ட வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். இது நான்கைந்து வாரம் தொடர்ந்தால்தான் பிள்ளையின் கையில் இறங்கும். அறிவியல் சார்ட்டில் இதயத்தின் படத்துக்குச் சிவப்பு நீல வண்ணம் அடிப்பதில் இது எதுவும் நடக்காது. ஆனால் ஆவணத்தில் அந்த சார்ட் கலை நடவடிக்கையாகப் பதிவாகிவிடும்.

ஆண்டு விழாவும் அப்படித்தான். இரண்டு வாரம் ஒத்திகை பார்த்து இருபது பிள்ளைகள் ஆடுவார்கள். மீதி நானூறு பேர் கைதட்டுவார்கள். மத்திய கல்வி அமைச்சகம் 2015-இல் தொடங்கிய கலா உத்சவ், தமிழ்நாடு அரசு 2022-23-இல் தொடங்கிய கலைத் திருவிழா ஆகியவை திறமையுள்ள பிள்ளைகளுக்கு மேடை தந்திருக்கின்றன. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. என்றாலும் போட்டி, ஏற்கெனவே ஆடத் தெரிந்த பிள்ளையைக் கண்டெடுக்கும். ஆடத் தெரியாத பிள்ளைக்குக் கற்றுத் தராது. காசு கொடுத்து வெளியே நாட்டிய வகுப்புக்கு அனுப்ப முடிகிற வீட்டுப் பிள்ளையே பெரும்பாலும் அந்த மேடையில் நிற்கும். விதி கேட்பது எல்லாப் பிள்ளைக்கும் வாரம் இரண்டு பாடவேளை. கோப்பையையும் புகைப்படத்தையும் காட்டி அந்தக் கணக்கை முடிக்கக் கூடாது.

படிவத்தில் இல்லாத கட்டம்

இனி, யார் கேட்பது என்பதற்கு வருவோம். சி.பி.எஸ்.இ. தன்னோடு இணைந்த பள்ளிகள் தங்களைப் பற்றிய தகவல்களை இணையதளத்தில் பகிரங்கமாகப் போட வேண்டும் என்று ஒரு படிவம் வகுத்தது. பொறுப்புக்கூறலுக்கு நல்ல கருவி. அதில் என்னென்ன கேட்டார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும். முதல்வர் பெயர், மொத்த ஆசிரியர் எண்ணிக்கை, முதுகலை ஆசிரியர் எத்தனை, பட்டதாரி ஆசிரியர் எத்தனை, தொடக்கநிலை ஆசிரியர் எத்தனை, சிறப்புக் கல்வியாளர் உண்டா, மனநல ஆலோசகர் உண்டா, வகுப்பறையின் எண்ணிக்கையும் அளவும், ஆய்வகத்தின் எண்ணிக்கையும் அளவும், இணைய வசதி, ஆண் பெண் கழிப்பறை எண்ணிக்கை, மூன்றாண்டுத் தேர்ச்சி விவரம். கலை ஆசிரியர் உண்டா என்று ஒரு கட்டம் இல்லை. கலைக்கு ஒரு அறை உண்டா என்றும் இல்லை. இரண்டு பாடவேளையைக் கட்டாயமாக்கிய வாரியம், தன் படிவத்தில் அதைக் கேட்க மறந்துவிட்டது. சிறப்புக் கல்வியாளருக்கு ஒரு கட்டம் இருப்பதால் தலைமையாசிரியர் அந்த இடத்தை நிரப்பச் சொல்லி மேலிடத்துக்குக் கடிதம் எழுத ஒரு பிடிமானம் இருக்கிறது. ஓவிய ஆசிரியருக்கு அந்தப் பிடிமானம் இல்லை.

கலைக்கான தரநிலைக் கட்டம் மட்டும் மதிப்பெண் பதிவில் இருக்கிறது. அது காலியாக இருக்க முடியாது. ஒரு வகுப்பும் நடக்காத பள்ளியிலும் ஆண்டு முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதோ ஓர் எழுத்து விழுந்தாக வேண்டும். வகுப்பாசிரியர் உட்கார்ந்து ஏ, பி என்று போட்டுக்கொண்டு போவார். அந்த எழுத்தைப் பார்த்து, இந்தப் பள்ளியில் கலைக்கல்வி நடக்கிறது என்று மேலே உள்ளவர் முடிவு செய்தால் அவரைத் தவறு சொல்ல முடியுமா?

காரைக்காலின் தனிச்சிக்கல்

எந்த ஊரிலும் இருக்கும் இந்த ஓட்டைகளோடு, காரைக்காலுக்கு அதன் இருப்பிடமே ஒரு சிக்கல். சட்டம் நாடாளுமன்றத்தில் இயற்றப்படுகிறது. விதி டெல்லியில் உள்ள வாரியத்தில் பிறக்கிறது. பணியிடம் உருவாக்குவதும் நிரப்புவதும் புதுச்சேரியில் இருக்கும் பள்ளிக்கல்வி இயக்ககத்தின் கையில். காரைக்காலிலிருந்து புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர். நடுவில் தமிழ்நாட்டைக் கடந்து போக வேண்டும். ஒரு தலைமையாசிரியரிடம் “ஏன் பாட்டு டீச்சர் இல்லை?” என்று கேட்டால் “மேலிருந்து போடலை” என்பார். உண்மையைத்தான் சொல்கிறார். மேலே கேட்டால் நிதித்துறை ஒப்புதல் என்பார்கள். யூனியன் பிரதேசத்தில் புதுப் பணியிடம் என்றால் துணைநிலை ஆளுநர் வரை கோப்பு போகும்.

சட்டத்தில் குறைதீர்க்க வழி இருக்கிறதே என்று தோன்றலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவுப்படி, பிள்ளையின் உரிமை பற்றிய குறையை யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் கொடுக்கலாம். அது கூடியவரை மூன்று மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. காரைக்காலில் ஒரு நகராட்சியும், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. ஆனால் புதுச்சேரியில் 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதற்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேல் தேர்தலே நடக்கவில்லை. ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் போய் நிற்கும் உரிமை அந்த மட்டத்தில் இல்லாமல் போனது. பள்ளியை நிர்வகிக்கும் அமைப்பையே உள்ளாட்சி அமைப்பாகக் கொள்ளவும் சட்டத்தின் வரையறை இடம் தருகிறது. அப்படிக் கொண்டால் துறை மீதான புகாரைத் துறையிடமே கொடுக்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டம் இன்னொரு வழி. பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு. முப்பது நாளில் பதில். ஆனால் பதில் வராமல் இரண்டாம் மேல்முறையீடு வரை போனால், புதுச்சேரிக்கென்று மாநிலத் தகவல் ஆணையம் கிடையாது. டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம்தான் விசாரிக்கும். நெடுங்காட்டில் ஒரு பள்ளியில் பாட்டு வகுப்பு நடந்ததா என்ற கேள்வி டெல்லிவரை போய்த் திரும்ப வேண்டும்.

பக்கத்து வீட்டிலும் கடல் கடந்தும்

எல்லைக்கு அப்பால் தமிழ்நாடு என்ன செய்தது? கல்வி உரிமைச் சட்டத்தின் அதே வரியை வைத்து, 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று பல பாடங்கள். வாரம் மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பின்னர் 10,000 ஆகி, 12,500 ஆனது. ஒரே வீச்சில் இத்தனை பேரைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது பெரிய காரியம். ஆனால் பத்தாண்டு கடந்தும் பகுதிநேரமாகவே நின்றது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் எத்தனையோ முறை போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கோடை விடுமுறையான மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்ற குறை அவர்களுடைய கோரிக்கைகளில் தொடர்ந்து இருந்தது. ஆள் இருக்கிறார் என்று சட்டத்துக்குச் சொல்லிவிடலாம். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாதவர் இன்னொரு வேலைக்கும் ஓட வேண்டியிருக்கும்போது, பள்ளியின் கலைக்கல்விக்கு அவரை எப்படிப் பொறுப்பாக்குவது?

நியூயார்க் நகரம் வேறு வழியைப் பிடித்தது. 2006-07 கல்வியாண்டு முதல், நகரத்தின் பொதுப் பள்ளிகளில் கலைக்கல்வி எந்த அளவில் நடக்கிறது என்று ஆண்டுதோறும் பள்ளிவாரியாக அறிக்கை வெளியிடுகிறார்கள். எண்கள் வெளியே வந்ததால்தான் 2014-இல் நகரக் கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம் அதை வைத்து ஒரு கேள்வி எழுப்ப முடிந்தது. நகரப் பள்ளிகளில் 28 சதவீதத்தில் தகுதி பெற்ற முழுநேரக் கலை ஆசிரியர் இல்லை. 20 சதவீதத்தில் பகுதிநேரமாகக்கூட இல்லை. ஏழைகள் வாழும் பகுதிகளிலேயே இந்தக் குறை குவிந்திருக்கிறது என்று அந்த அலுவலகம் காட்டியது. அது வரைபடத்தோடு பத்திரிகைகளில் வந்தபின் நகர நிர்வாகம் கூடுதல் நிதி ஒதுக்கியது.

கலிபோர்னியா மக்கள் 2022 நவம்பரில் வாக்களித்து ஒரு சட்டத்தையே கொண்டுவந்தார்கள். பள்ளிக் கலைக்கல்விக்குத் தனி நிதி. ஐந்நூறு மாணவரோ அதற்கு மேலோ உள்ள கல்வி மாவட்டங்கள் அதில் குறைந்தது 80 சதவீதத்தை ஆள் வைப்பதற்கே செலவிட வேண்டும். ஏற்கெனவே கலைக்குச் செலவிட்டதைக் குறைத்துக்கொண்டு இந்தப் பணத்தால் ஈடுகட்டக் கூடாது. ஆண்டறிக்கையை இணையத்தில் போட வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் கல்வி மாவட்டம் இந்த நிதியை விதிக்கு மாறாகச் செலவிட்டது என்று சொல்லி, அந்த மாவட்டத்தின் முன்னாள் தலைமை நிர்வாகியும் பெற்றோர் சிலரும் 2025-இல் வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட முடிந்ததற்குக் காரணம், எவ்வளவு, எதற்கு, யார் என்று சட்டத்திலேயே எழுதியிருந்ததுதான்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று புலப்படும். தமிழ்நாடு ஆளைக் கொடுத்தது, கணக்கை வெளியிடவில்லை. நியூயார்க் கணக்கை வெளியிட்டது. நிதி பின்னால் வந்தது. கலிபோர்னியா நிதியையும் கணக்கையும் ஒரே சட்டத்தில் கட்டியது. காரைக்காலில் இப்போது இருப்பது விதி மட்டும்.

எதிர்வாதம்

இதையெல்லாம் கேட்கும் பெற்றோர் ஒருவர் சொல்லக்கூடியது என்ன என்று தெரியும். “பையன் திடீர்னு சி.பி.எஸ்.இ.ல போய் மாட்டிக்கிட்டான். கணக்கும் சயின்ஸும் இங்கிலீஷ்ல படிக்கவே தடுமாறுறான். இதுல பாட்டு வகுப்பு எதுக்கு?” நியாயமான கவலை. மீன்பிடிக் கிராமத்திலிருந்தோ வயல் வேலை செய்யும் வீட்டிலிருந்தோ வரும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் வாரத்துக்கு எண்பது நிமிடத்தைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுப்பதால் தடுமாற்றம் தீர்ந்துவிடாது. ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூசும் பிள்ளைக்கு நாடகம்தான் வாய் திறக்கச் சொல்லித் தரும் வகுப்பு. என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் ஆறாம் வகுப்புக்கு ‘கிருதி’ என்ற கலைப் பாடநூலை வெளியிட்டது. காட்சிக்கலை, நாடகம், இசை, நடனம் நான்கும் அதில் உண்டு. புத்தகம் கைக்கு வந்துவிட்ட பிறகு, எதைச் சொல்லித் தருவது என்று தெரியவில்லை என்ற சாக்கு எடுபடாது.

கலைக்குப் பஞ்சமான ஊரும் இல்லை இது. சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த திருவாரூர் பக்கத்து மாவட்டம். வழுவூர், பந்தநல்லூர் பரதநாட்டியப் பாணிகள் பிறந்த ஊர்களும், 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நாதஸ்வரத்தைச் செய்யும் நரசிங்கம்பேட்டையும் இதே டெல்டாவில்தான். காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் பண்ணிசைச் சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களும் வாத்தியங்களின் பெயர்களும் வருகின்றன. ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் அவர் கதையை ஊரே கூடி நடத்திப் பார்க்கிறது. வெளியே இவ்வளவு இருக்கும்போது பள்ளிக்குள் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடம் ஓவியம், இசை, நடனம் படித்த பட்டதாரிகளை உருவாக்குகிறது. பட்டம் இல்லாத உள்ளூர்க் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் பள்ளியில் பயிற்றுநராக வைத்துக்கொள்ள 2020 கல்விக் கொள்கை இடம் கொடுக்கிறது. தவில் வாசிப்பவரைத் தாளம் சொல்லித் தர வாரம் இரண்டு நாள் அழைக்க விதி தடையாக இல்லை.

எங்கே தொடங்குவது

டெல்லியோ புதுச்சேரியோ மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு இடம் சட்டத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; பாதிப்பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் அதன் வேலை. பல இடங்களில் இது கையெழுத்து வாங்கும் கூட்டமாகத் தேய்ந்துவிட்டது உண்மை. இருந்தாலும் “இந்த மாதம் ஏழாம் வகுப்பு பி பிரிவில் கலைக்கல்வி எத்தனை பாடவேளை நடந்தது, யார் எடுத்தார், என்ன சொல்லித் தந்தார்?” என்ற கேள்வியைக் கூட்டக் குறிப்பில் எழுத வைக்க எந்த அதிகாரியின் அனுமதியும் தேவையில்லை. டைம்டேபிளைப் பள்ளி வாசலில் ஒட்டச் சொன்னால் போதாது. அது எழுதிய இரண்டு கட்டத்தைத்தான் காட்டும். நடந்த பாடவேளையின் கணக்கைக் கேட்க வேண்டும்.

அந்தக் கணக்கில் “நடக்கவில்லை, ஆள் இல்லை” என்று ஒரு தலைமையாசிரியர் எழுதினால் அது அவருக்கு எதிரான சாட்சியம் ஆகிவிடக் கூடாது. அவருக்குக் கிடைத்த பிடிமானமாக இருக்க வேண்டும். பொறுப்புக்கூறல் என்றதும் கடைசிப் படியில் நிற்பவரைப் பிடித்து உலுக்குவது நம் வழக்கம். ஆள் கொடுக்காத துறை, கட்டம் போடாத வாரியம், தேர்தல் நடத்தாத அரசு எல்லாம் தப்பித்துக்கொள்ளும். விளக்கம் கேட்கும் மெமோ தலைமையாசிரியருக்கு வரும். அப்படியொரு பயம் இருக்கும்வரை, நடக்காத வகுப்புக்கும் ஏ, பி விழுந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே மாவட்டத்தின் எல்லா அரசுப் பள்ளிகளிலிருந்தும் மாதக் கணக்கு வாங்கி, காரைக்கால் கல்வித்துறை அதை ஒரே தாளில் வெளியிட வேண்டும். எந்தப் பள்ளியில் கலை ஆசிரியர் இருக்கிறார், எத்தனை பிரிவு, எத்தனை பாடவேளை நடந்தது என்ற மூன்று நிரல் போதும். பிள்ளைகளின் கலைக்குத் தேர்வும் மதிப்பெண்ணும் வைத்து அளக்கத் தேவையில்லை. அளக்க வேண்டியது, பிள்ளைக்குத் தருவதாகச் சொன்ன நேரத்தைப் பெரியவர்கள் தந்தார்களா என்பதைத்தான். அந்தத் தாள் கையில் இருந்தால், காரைக்கால் மாவட்டம் புதுச்சேரிச் சட்டப்பேரவைக்கு அனுப்பும் ஐந்து உறுப்பினர்களில் ஒருவராவது எழுந்து, தன் தொகுதியில் இத்தனை பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் பணியிடமே இல்லையே என்று அமைச்சரிடம் கேட்க முடியும். அமைச்சர் சொல்லும் பதில் அவைக் குறிப்பில் ஏறும். அடுத்த ஆண்டு அதே கேள்வியைக் கேட்கும்போது பழைய பதிலை எடுத்துக் காட்டலாம்.